பாண்டிச்சேரில நிதானமா நடக்க எந்தப் பூங்கா நல்லாருக்கும்? பாரதி பூங்காவா, பொட்டானிக்கல் கார்டனா?

வைகைக்கரை மீனா:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல இருந்து அடுத்த மாசம் அம்மாவக் கூட்டிக்கிட்டு பாண்டி வர்றோம். ஞாயிறு, திங்கள் அங்க இருப்போம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனா நடக்காதீங்கன்னு சொன்னா கோவம் வந்துரும், கொஞ்ச தூரம் நடந்து எங்கிட்டாச்சும் உக்காந்து மறுபடி நடக்குற ஆளு. கஃபே, ரிசார்ட், மஞ்சச் சுவத்துல சாஞ்சு போட்டோ எடுக்குறது இதெல்லாம் எங்களுக்கு வேணாம், ஆனா நெட்ல தேடுனா அதத்தான் காட்டுது. மர நிழல், உக்கார பெஞ்சு, பழைய ஊரோட கத சொல்ற மாதிரி நாலு கட்டடம், அம்புட்டுதான் வேணும். பாரதி பூங்கா, பொட்டானிக்கல் கார்டன் ரெண்டுல எது அம்மாவுக்குத் தோதாப்படும்? ஊர்க்காரவுங்க இருந்தா சொல்லுங்க.

முத்தியால்பேட்டை பையன்:
அக்கா, யோசிக்கவே வேணாம், பாரதி பூங்கா. ஒயிட் டவுனுக்கு நட்டநடுவுல இருக்கு, பெரிய மரங்க, நல்ல நிழல், நாலு பக்கமும் வாசல், எங்க திரும்புனாலும் உக்கார இடம். சுத்தி ஒரு பார்வை பாத்தா கவர்னர் மாளிகை, சட்டசபை, மியூசியம் எல்லாம் கைக்கெட்டுற தூரம், கிழக்கால நடந்தா கடல். அம்மாவுக்கு அலுப்பா இருந்தா எந்தப் பக்கம் வெளிய வந்தாலும் ஆட்டோ நிக்கும். நடுவுல வெள்ளையா நிக்குதே அதான் ஆயி மண்டபம், எங்க கவர்மென்ட் சின்னத்துலயே அதான் இருக்கு.

ரெண்டு புள்ளைக்கு அப்பா:
ஞாயித்துக்கிழம சாயங்காலம் பாரதி பூங்காவா? தம்பி நீங்க அந்த நேரத்துல உள்ள போனதே இல்லையா? பெஞ்சுல இடம் பிடிக்க கர்ச்சீப் போடணும். ஊரு மொத்தமும் அங்கதான் இருக்கும், அதோட பஸ் பஸ்ஸா வந்து எறங்குற ஸ்கூல் டூர் பசங்க வேற. எங்க வீட்டு வாண்டுகளக் கேட்டா பொட்டானிக்கல் கார்டன்தான், குட்டி ரயில் ஓடுற நாள்னா அங்கருந்து கெளப்பவே முடியாது. இடமும் பெருசு, 22 ஏக்கர்.

முத்தியால்பேட்டை பையன்:
சாயங்காலம்னு நான் எங்க சொன்னேன் அண்ணா. காலைல போகச் சொல்றேன். காலைல வாக்கிங் வர்ற பெரியவங்க, பேப்பர் படிக்கிறவங்க, அவ்ளோதான், குயில் சத்தம் கேக்கும். மதியத்துல பாத்தீங்கன்னா சுத்துவட்டாரத்து ஆபீஸ் ஆளுங்க டிபன் பாக்ஸத் தொறந்துட்டு உக்காந்துருப்பாங்க, அது ஒரு தனி அழகு.

சுண்டல் பொட்டலம்:
நான் சென்னை. எங்களுக்கு பாண்டின்னாலே வேற மேட்டர், பூங்கான்னு ஒண்ணு இருக்குறதே இந்த இழையப் பாத்துதான் தெரியுது 😀 ஆமா அது என்ன ஆயி மண்டபம், யாராச்சும் கதைய முழுசா சொல்லுங்களேன், ஒவ்வொரு கைடும் ஒவ்வொண்ணு சொல்றான்.

முத்தியால்பேட்டை பையன்:
எங்க பாட்டி சொன்னது இது. கிருஷ்ணதேவராயர் காலம். ராஜா, சில பேர் சொல்றது அவரோட மந்திரி உய்யக்கொண்டார்னு, இந்தப் பக்கமா ராத்திரில வர்றப்ப ஒரு வீட்ல வெளக்கு ஜகஜோதியா எரியுது, கோயில்னு நெனச்சு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. பாத்தா அது ஆயிங்கிற தாசியோட வீடு. சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க, அவருக்குக் கோவம் தலைக்கேறி வீட்ட இடிச்சுத் தள்ளுங்கடான்னுட்டாரு. ஆயி என்ன பண்ணாங்கன்னா, நானே இடிச்சுக்கறேன், கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேட்டு, வீட்ட இடிச்ச எடத்துல ஊருக்குத் தண்ணி கெடைக்க குளம் வெட்டுனாங்க. அது நம்ம முத்திரப்பாளையம் பக்கம். அதுக்கு எத்தனையோ காலம் கழிச்சு பிரெஞ்சுக்காரங்க டவுனுக்குள்ள நல்ல தண்ணி இல்லாம திண்டாடி, லமேரஸ்னு ஒரு இன்ஜினியர் அந்த முத்திரப்பாளையத்துலேந்து தண்ணியக் கொண்டாந்தாரு. இந்தக் கத பாரீசுல மூணாம் நெப்போலியன் காதுக்குப் போயி, அந்தப் பொம்பளைக்கு ஒரு நினைவுச் சின்னம் கட்டுங்கன்னு சொன்னாராம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி அழகாகச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ராயர் கும்பிட்டது செவிவழிக் கதை. முத்திரப்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததும், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மண்டபம் எழுந்ததும் வரலாறு. ஒரு தாசி பேரில் ஒரு பேரரசன் கிரேக்க ரோமானியப் பாணியில் மண்டபம் கட்டியதும் அதையே ஒரு அரசாங்கம் தன் சின்னமாக வைத்துக்கொண்டதும் எனக்குத் தெரிந்து வேறெங்கும் கிடையாது.

இன்னொன்று, நீங்கள் இன்று காற்று வாங்கும் அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. லூயி கோட்டை, ஐந்து மூலை வைத்துக் கட்டியது. 1761ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள், ஊரில் இருந்த வீடுகளும் இடிந்து போயின. இப்போது வெள்ளைக்காரன் கட்டடம் என்று எல்லோரும் போட்டோ எடுப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

மீனா அவர்களுக்கு: நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன், அதனால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. பொட்டானிக்கல் கார்டன் 1826ல் தொடங்கியது. ஊட்டித் தோட்டம் 1848தான். அதைவிட இது 22 வருடம் மூத்தது, ஆனால் ஊட்டிக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதை எட்டிப் பார்ப்பதில்லை. வாசலில் அந்தத் தூண்களை மட்டும் நின்று பாருங்கள். பூங்கா வாசல் மாதிரியே இருக்காது, ஏதோ மாளிகைக்குள் நுழைகிற மாதிரி இருக்கும்.

வைகைக்கரை மீனா:
வாத்தியார் ஐயா, அம்மா இதப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க. ஊட்டிக்கு முந்துனதான்னு ஒரே ஆச்சரியம். ஆனா அம்புட்டுப் பழசுன்னா அந்தக் காலத்து மரமெல்லாம் இன்னும் நிக்குதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல கேள்வி. முதலில் அந்தக் காலத்தில் எதற்காக வைத்தார்கள் என்று தெரிந்தால்தான் தோட்டம் புரியும். இது காற்று வாங்க வைத்ததில்லை அம்மா. பிரெஞ்சுக்காரர்களுக்கு உலகம் முழுக்கக் காலனிகள் இருந்தன, எந்த ஊர்ப் பயிர் எந்த மண்ணில் பிழைக்கும், எது காசு தரும் என்று நட்டுப் பார்க்க ஒரு சோதனைக்கூடம் வேண்டும். கல்கத்தாவில் ஆங்கிலேயர் 1787லேயே அப்படி ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே இந்தத் தோட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் பெரோத்தே. ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் செனகல் பக்கமெல்லாம் செடி தேடி அலைந்துவிட்டு இங்கே வந்தவர், நீலகிரி மலையெல்லாம் ஏறி இறங்கிச் செடி சேகரித்தார், பட்டுப்பூச்சி வளர்ப்பிலும் கை வைத்தார். 1870ல் இதே புதுச்சேரியில்தான் காலமானார். பெரோத்தேட்டியை என்று முடிகிற தாவரப் பெயர் எங்கே பார்த்தாலும் அது இந்த மனிதரை நினைத்து வைத்ததுதான்.

மரங்களுக்கு வருகிறேன். பெரிய மரங்கள் இருக்கின்றன, ஆனால் முன்னே இருந்த அடர்த்தி இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஒரே இரவில் ஊரே மொட்டை. தோட்டத்தில் நூறு வருடம் நின்றவை வேரோடு சாய்ந்து கிடந்தன. நான் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டிய மரங்கள் குறுக்கும் நெடுக்கும் கிடந்ததைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

கடல்காத்து:
தானே பத்திப் பேசாதீங்க சார், இப்பவும் வயித்தக் கலக்குது. எங்க தெருவுல இருந்த வேப்ப மரம் எல்லாமே அன்னைக்குத்தான் போச்சு. அப்புறம் 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் வந்து ஒரே நாள்ல 46 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அது காத்தவிட தண்ணி. மீனா, நீங்க அக்டோபர்லேந்து டிசம்பருக்குள்ள வர்றதா இருந்தா தயவுசெஞ்சு வானிலை பாத்துட்டு வாங்க, அந்த மாசத்துல இங்க மழ சொல்லிட்டு வராது. ஜனவரி, பிப்ரவரினா நடக்கறதுக்கு அருமையா இருக்கும்.

ரெண்டு புள்ளைக்கு அப்பா:
வாத்தியார் சார் சொல்றது எல்லாம் சரி, ஆனா சாதாரண ஜனத்துக்கு செனகலும் பட்டுப்பூச்சியும் எதுக்கு சார்? குழந்தைங்க ஓடணும், பெரியவங்க உக்காரணும், அதுக்குத்தான் பார்க்கு. குட்டி ரயில், மீன் காட்சி, இசை நீரூற்று இதெல்லாம் வச்சதாலதான் ஜனம் உள்ளயே வருது. இல்லன்னா நாலு ஆராய்ச்சி மாணவங்க மட்டும் வந்துட்டுப் போவாங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஜனம் வரக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ரயிலும் நீரூற்றும் எந்த ஊர்ப் பூங்காவிலும் வைக்கலாம். 1826லிருந்து இருக்கிற தோட்டம் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் எத்தனை இருக்கிறது? அங்கே முதல் மரியாதை மரத்துக்கு இருக்க வேண்டும், பேர்ப் பலகை, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று இரண்டு வரி. உங்கள் பிள்ளைகளே ரயிலிலிருந்து இறங்கி அதைப் படிப்பார்கள், குழந்தைகளைக் குறைவாக எடை போடாதீர்கள்.

ரெண்டு புள்ளைக்கு அப்பா:
பெரியவன் படிப்பான். சின்னவ பலகையப் பிடுங்கிருவா சார் 😀

சுண்டல் பொட்டலம்:
நடுவுல பூந்து கேக்குறேன், பெரோத்தே நட்ட தோட்டத்துல சுண்டல் விக்குமா விக்காதா?

முத்தியால்பேட்டை பையன்:
ப்ரோ சுண்டலுக்கு பீச் ரோடு வாங்க. அதான் பாண்டியோட உண்மையான பூங்கா, மரம் மட்டும்தான் இல்ல.

கடல்காத்து:
அதச் சொல்லத்தான் இவ்ளோ நேரம் காத்திருந்தேன். மீனா, நீங்க கேட்டது பூங்கான்னாலும் அம்மா முழங்காலுக்கு நான் சொல்றது பீச் ரோடுதான். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளமே கெடையாது, கடலப் பாத்தபடி உக்காந்துக்கலாம். முக்கியமா சாயங்காலம் 6 மணிலேந்து மறுநாள் காலைல ஏழரை வரைக்கும் வண்டியே விட மாட்டாங்க. அவ்ளோ பெரிய ரோடு முழுக்க நடக்குறவங்களுக்கு மட்டும். அஞ்சரைக்கெல்லாம் வந்துட்டீங்கன்னா சூரியன் கடல்லேந்து எழும்புறதப் பாக்கலாம், காந்தி சிலையச் சுத்தி நிக்கிற கல்தூண்களப் பாருங்க, செஞ்சிலேந்து கொண்டாந்தது, எவ்ளோ வேலப்பாடு.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. நீங்க மெரினா மாதிரி மணல் எதிர்பாத்து வருவீங்க, இங்க பாறாங்கல்லுதான் கொட்டி வச்சிருக்கும். முன்னாடி இங்கயும் மணல் இருந்துச்சு. தெற்கால துறைமுகத்துக்கு அலை தடுப்புச் சுவர் கட்டுனாங்க, நம்ம கரைல மணல் வருசம் முழுக்க பெரும்பாலும் தெற்கேந்து வடக்கதான் நகரும், சுவரு அத மறிச்சுருச்சு. தெற்குப் பக்கம் மணல் சேந்துகிட்டே போச்சு, வடக்கால இருக்குற டவுன் கரைய கடல் தின்னுகிட்டே போச்சு, அதான் கல்லக் கொட்டுனாங்க. அப்புறம் தலைமைச் செயலகம் எதிர்ல கடலுக்குள்ள செயற்கைத் திட்டு ஒண்ணு எறக்குனதுக்கப்புறம் அந்த எடத்துல மட்டும் திரும்ப மணல் சேந்துருக்கு. புள்ளைங்க இப்ப அங்கதான் வெளையாடுது. எனக்கு இந்த ஊர்ல புடிச்ச தோட்டமே அந்தத் துண்டு மணல்தான், சிரிக்காதீங்க.

வைகைக்கரை மீனா:
சிரிக்கலங்க. வைகையப் பாத்து வளந்தவளுக்கு மணல் போறதப் பத்தி யாரும் சொல்லித்தரணுமா. அஞ்சரைக்கு அம்மா எந்திரிச்சுருவாங்க, நான்தான் சந்தேகம்.

இன்னொண்ணு, பாரதி இங்க பத்து வருசம் இருந்தாருல்ல, அவரு உலாத்துன தோப்பு ஏதோ இருக்குன்னு சொன்னாங்க, அது இப்ப பாக்குற மாதிரி இருக்கா?

முத்தியால்பேட்டை பையன்:
குயில் தோப்பு! எங்க ஏரியாதான் அக்கா. 1908லேந்து 1918 வரைக்கும் இங்க இருந்தாரு, அப்ப சித்தானந்தர் கோயில் பக்கத்துல, கருவடிக்குப்பம் போற வழில இருந்த தோப்புக்கு அடிக்கடி வருவாராம், குயில் பாட்டு பொறந்ததே அங்கதான். ஆனா தோப்புன்னு மனசுல வச்சுட்டு வராதீங்க, சுத்தி வீடுங்க வந்துருச்சு. சித்தானந்தர் கோயில் அமைதியா இருக்கும், அதுக்காக வேணா வாங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பாட்டில் ஊருக்கு மேற்கே சிறு தொலைவில் மாஞ்சோலை என்றுதானே வருகிறது? கருவடிக்குப்பம் வடக்கு அல்லவா.

முத்தியால்பேட்டை பையன்:
சார் கவிஞர் கையில திசைகாட்டி குடுத்தா அனுப்புனாங்க? எங்க ஏரியாவ விட்டுக்குடுக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்தக் காலத்து ஊர் எல்லையிலிருந்து பார்த்தால் வடமேற்கு என்று வைத்துக்கொள்ளலாம், சண்டை வேண்டாம். பாரதி குடியிருந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவு இல்லமாக இருக்கிறது, அதைப் பாருங்கள், அது சர்ச்சை இல்லாதது.

கடல்காத்து:
ஆசிரமத்த ஏன் யாருமே சொல்லல? பூங்கா இல்லதான், ஆனா அந்த முற்றத்துல பெரிய இயல்வாகை மரம் ஒண்ணு குடை விரிச்சாப்புல நிக்கும், அது கீழதான் அரவிந்தர், அன்னை சமாதி. தெனமும் புதுசா பூ அலங்காரம், யாரும் பேச மாட்டாங்க. அம்மா வயசுக்காரங்களுக்கு அந்த நிழல்ல கொஞ்ச நேரம் உக்காந்தாலே போதும். போன ஆஃப் பண்ணிடுங்க, மூணு வயசுக்குக் கீழ குழந்தைங்கள உள்ள விட மாட்டாங்க. பாரதி பூங்காலேந்து நடந்தே போயிடலாம், வழில மணக்குள விநாயகர். முன்னாடி அந்த வாசல்ல லட்சுமி யானை நின்னு ஆசீர்வாதம் பண்ணும், 2022 நவம்பர்ல நடக்கப் போன எடத்துலயே விழுந்து எறந்துபோச்சு. அன்னைக்கு ஊரே ரோட்ல நின்னு அழுதுச்சு. நான் இன்னமும் அந்தப் பக்கம் போனா கை தானா பர்ஸுல சில்லறை தேடுது.

ரெண்டு புள்ளைக்கு அப்பா:
சரி, ஒரு பிளான் போட்டுக் குடுத்துருவோமே. நான் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. ஞாயிறு காலைல இருட்டு பிரியறப்ப காந்தி சிலை, அங்கேந்து தெற்கால மெதுவா நடங்க. வழில மேரி கட்டடம், அதான் பிரெஞ்சுக்காரங்க காலத்து நகராட்சிக் கட்டடம், 2014ல மழைக்கு இடிஞ்சு விழுந்தத பழைய மாதிரியே திரும்ப எழுப்பியிருக்காங்க. தெற்குக் கோடில துய்ப்ளெக்ஸ் சிலை, பக்கத்துலயே சின்னப் புள்ளைங்க பார்க். திரும்பறப்ப பீச் ரோட்டுல வராதீங்க, வண்டி விட்டுருவாங்க, துய்மா வீதிக்குள்ள பூந்துருங்க. ரெண்டு பக்கமும் காகிதப்பூ தொங்குற சுவரு, சம்மனசுகளின் மாதா கோயில், அதுக்கு எதிர்ல குட்டித் தோட்டத்துல ஜான் ஆஃப் ஆர்க் சிலை. அங்கேந்து பாரதி பூங்கா வந்து நல்லா உக்காந்துட்டு அப்புறம் ஆசிரமம். வெயில் ஏறுறதுக்குள்ள ரூமுக்குப் போயிடலாம்.

திங்கக்கிழம காலைல ஆட்டோ புடிச்சு திரு இருதய பசிலிக்கா, ரயில் ஸ்டேஷன் பக்கம். உள்ள கலர் கண்ணாடி ஜன்னல்ல காலை வெயில் விழறப்ப பாக்கணும். அங்கேந்து மேற்கால பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனா பொட்டானிக்கல் கார்டன். அன்னைக்கு ஸ்கூல் இருக்குறதால ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்காது.

முத்தியால்பேட்டை பையன்:
பிளான் சூப்பர்ணா. ஒண்ணு மட்டும், துய்மா வீதி நடைபாதை எல்லா எடத்துலயும் ஒரே மட்டமா இருக்காது, சில வீட்டு வாசல்ல படி நீட்டிக்கிட்டு இருக்கும், அம்மாவ ரோட்லயே ஓரமா நடக்க வைங்க, அந்த நேரத்துல வண்டி கம்மிதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தோட்டத்துக்குள் நேராக நடுப்பாதையில் மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஓரப் பாதைகளில்தான் நிழலும் பறவையும். 22 ஏக்கரும் சுற்ற வேண்டியதில்லை, ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். உதிர்ந்து கிடக்கும் பூவையும் காயையும் அம்மாவைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் ஊர்ப்பக்கம் என்ன பேர் சொல்வார்கள் என்று அவர் சொல்வதை இங்கே வந்து எழுதினால் நான் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

சுண்டல் பொட்டலம்:
இந்த இழைய புக்மார்க் பண்ணிட்டேன். அடுத்த தடவ பசங்களோட வர்றப்ப ஒரு காலைப்பொழுது மட்டும் இதுக்கு ஒதுக்கணும், அவனுங்க எந்திரிப்பானுங்களான்னுதான் தெரியல.

வைகைக்கரை மீனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இப்படி ஒரு பிளான் எந்த டிராவல்ஸும் போட்டுக் குடுத்திருக்க மாட்டாங்க. ஒரே ஒரு கேள்வி, திங்கக்கிழம தோட்டம் முடிஞ்சு மதியத்துக்கு மேல மியூசியம் பாத்துட்டு பஸ் ஏறலாம்னு இருக்கோம், நேரம் பத்துமா?

கடல்காத்து:
மியூசியம் திங்கக்கிழம லீவு மீனா. அத ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக்கங்க, பாரதி பூங்காவுக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஆசிரமம் மதியம் 12 மணிக்கு மூடிட்டு 2 மணிக்கு மேலதான் தொறப்பாங்க, அதனால மொதல்ல ஆசிரமம், அடுத்தது மியூசியம். திங்கக்கிழம மதியம் நேரு வீதி இண்டியன் காபி ஹவுஸ்ல சாப்ட்டுட்டு பஸ் ஏறுங்க, அங்கேந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஈசியா கெடைக்கும், ஏறுறதுக்கு முன்னாடியே எவ்ளோன்னு பேசிடுங்க.